எலும்பு ‘நார்மல்’ என்றார்கள்… பிறகு ஏன் உடைந்தது?

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சர்க்கரை, மூட்டுவலி மாத்திரை: பேராக் தோட்டத்துத் தலைமுறையின் எலும்புக் கணக்கு

ஈப்போ புந்தோங் பக்கம் ஏதாவது ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இலவச மருத்துவ முகாம். நாற்காலிகள் வாசல் வரை வந்துவிட்டன. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மேசை, சர்க்கரைக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. மூலையில், பால்மாவு விளம்பரத் தட்டிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. ஜெல் தடவிய குதிகாலை அதற்குள் வைத்துச் சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்தால் ஒரு சீட்டு வரும். வந்தது, கோடு பச்சைக் கட்டத்தில் நிற்கிறது. “ஓகே ஆன்ட்டி, நார்மல்!” என்கிறாள் பெட்டியை இயக்கும் பெண். தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய அந்த அம்மா சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைக்கிறார். வைக்கிற கையின் மணிக்கட்டு லேசாகக் கோணியிருக்கிறது. குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றியபோது உடைந்தது. மாவுக்கட்டு போட்டு ஆறிவிட்டது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இது ஒரு குறிப்பிட்ட முகாமின் கதையல்ல. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் என்று எங்கே போனாலும் இதே மேசையும் இதே பச்சைச் சீட்டும் உண்டு. எலும்பு மருத்துவர் ஒருவர் அங்கே நின்றிருந்தால் சீட்டை ஒதுக்கிவிட்டு மணிக்கட்டைத்தான் முதலில் பிடித்துப் பார்த்திருப்பார். 50 வயதுக்கு மேல், நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைகிறது என்றால், எந்த இயந்திரம் என்ன எண் காட்டினாலும் அது எச்சரிக்கைதான். மணிக்கட்டு முதலில் உடையும், அடுத்து முதுகெலும்பு, கடைசியில் இடுப்பு. பலருக்கு வரிசை இப்படித்தான் போகிறது.

இடுப்பு வரை போனவர்களின் கணக்கு கடுமையானது. இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார் என்பது உலகளவில் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை.

தோட்டத்து உடம்பு இரும்பா?

1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாக இன்றும் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள். அந்த மரத்தின் வாரிசுகளில் பால் வெட்டிய கடைசித் தலைமுறை இப்போது அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின. ஜனங்கள் ஈப்போவின் ஓரத்துத் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். மூத்தோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் பேராக் முன்வரிசையில் நிற்பதற்கு இந்த இடப்பெயர்வும் ஒரு காரணம்.

அந்தத் தலைமுறைக்கு ஒரு நம்பிக்கை உண்டு. காண்டா கம்பில் இரண்டு வாளிப் பால் தூக்கிய தோளாயிற்றே, மேடு பள்ளம் ஏறி இறங்கிய காலாயிற்றே, எலும்புக்கு என்ன வந்துவிடப்போகிறது? பாதி உண்மை. இளவயதில் சுமையேற்றி வேலை செய்தால் எலும்பு கெட்டிப்படும். ஆனால் எலும்பு பழைய உழைப்பை நினைவில் வைத்துக்கொண்டு காலத்துக்கும் தாங்குவதில்லை. மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் பெண்களுக்கு எலும்புத் தேய்மானம் வேகம் பிடிக்கிறது. அதே வயதில்தான் தோட்ட வேலையும் நின்று, வீடும் தொலைக்காட்சியுமாக வாழ்க்கை மாறியது.

வெயில் விஷயமும் அப்படித்தான். வெயிலில் கிடந்தவர்களுக்கு வைட்டமின் டி குறையுமா என்று கேட்பார்கள். பால் வெட்டு இருட்டோடு தொடங்கும். தலையில் துணி, முழுக்கைச் சட்டை, மேலே மரநிழல். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் விடிகாலையில் மிகக் குறைவு. கருத்த தோலுக்கு அதே அளவு உண்டாக்க இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். வருடம் முழுக்க வெயிலடிக்கும் மலேசியாவில் எடுத்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப வைட்டமின் டி குறைபாட்டைக் காட்டியிருப்பதில் வியப்பில்லை.

ரத்தத்தில் தெரிவது பாதிதான்

“பிளட் டெஸ்ட்ல கால்சியம் சரியா இருக்கு, அப்புறம் என்ன?” கிளினிக் வாசலில் சர்வ சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ரத்தத்துக் கால்சியம் சட்டைப்பைப் பணம் என்றால், எலும்பு ஈபிஎஃப் கணக்கு. பையில் குறைந்தால் உடம்பு உடனே கணக்கிலிருந்து எடுத்துப் பையை நிரப்பிவிடும். இதயமும் நரம்பும் ஓட ரத்தத்தில் கால்சியம் நிலையாக இருந்தே ஆகவேண்டும். அதற்காக எலும்பை அரிக்க உடம்பு தயங்காது. ஆகவே எலும்பு தேய்ந்து கொண்டிருக்கும் பலருக்கு ரத்தக் கால்சியம் கச்சிதமாக இருக்கும்.

அப்படியானால் ரத்தப் பரிசோதனை எதற்கு? எலும்பு ஏன் தேய்கிறது என்று துப்பறிய. தேய்மானம் என்று ஸ்கேன் சொன்ன பிறகு, வெறும் வயதுதான் காரணமா, பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்பது ரத்தத்தில்தான் பிடிபடும். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது, பாராதைராய்டு கோளாறு, சிறுநீரகச் செயலிழப்பு, அரிதாக எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்.

■ எந்தச் சோதனை எதைச் சொல்லும்?

கால்சியம், பாஸ்பேட், அல்கலைன் பாஸ்பட்டேஸ்: எலும்புத் தேய்மானத்தைக் காட்டாது. வேறு எலும்பு நோய், பாராதைராய்டுக் கோளாறு இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

25-ஹைட்ராக்சி வைட்டமின் டி: உடம்பின் வைட்டமின் டி இருப்பு. லிட்டருக்கு 50 நானோமோலுக்குக் கீழே போனால் குறைபாடு என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

கிரியேட்டினின்: சிறுநீரகம். எந்த எலும்பு மருந்து கொடுக்கலாம் என்பதையே இது தீர்மானிக்கும்.

பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு: கால்சியம் கூடுதலாக இருந்தாலோ, காரணம் புரியாத தேய்மானம் என்றாலோ பார்க்கப்படும்.

சிடிஎக்ஸ், பி1என்பி: எலும்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது, கட்டப்படுகிறது என்று காட்டும் குறியீடுகள். மருந்து வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்க்க உதவும். சிடிஎக்ஸ் காலையில் வெறும் வயிற்றில் எடுக்கப்படுவது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் 40 வயதைக் கடந்த, வருமானம் குறைந்த குடும்பத்தினருக்கு இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம்தான் அதன் மையம். எலும்பு அடர்த்தி ஸ்கேன் அதில் சேராது. ஆனாலும் அந்த அறிக்கையிலுள்ள கிரியேட்டினினும் சர்க்கரை அளவும் எலும்பு மருத்துவருக்கு வேண்டிய தகவல்கள்தான். அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

குதிகால் பெட்டியும் டெக்ஸா மேசையும்

முகாமில் வைக்கும் குதிகால் பெட்டி அல்ட்ராசவுண்ட் வகை. கதிர்வீச்சு இல்லை, தூக்கிப் போக எளிது, கூட்டம் சேர்க்கவும் உதவும். நோயை உறுதிசெய்ய அது போதாது. சிவப்பு வந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். பச்சை வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அர்த்தமில்லை. சாதாரண எக்ஸ்ரேயும் தாமதமாகத்தான் காட்டும். எலும்பின் தாதுச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போன பிறகுதான் படம் வெளிறித் தெரியும்.

நோயைத் தீர்மானிக்கும் ஸ்கேனின் பெயர் டெக்ஸா. மேசையில் படுத்தால் போதும். ஊசி இல்லை, குகைக்குள் நுழைவது இல்லை, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், கதிர்வீச்சும் மிகக் குறைவு. கீழ் முதுகெலும்பையும் இடுப்பையும் அளக்கும். தனியார் மருத்துவமனைக்குப் போகுமுன் தொலைபேசியில், “இடுப்பும் முதுகும் எடுக்கிற டெக்ஸா இருக்கா, எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள். ‘போன் ஸ்கேன்’ என்று மட்டும் கேட்டால் குதிகால் பெட்டியைக் காட்டுவார்கள். அல்லது அணு மருத்துவப் பிரிவில் புற்றுநோய்க்கு எடுக்கும் வேறொரு ஸ்கேனின் விலையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள்.

■ டெக்ஸா சீட்டில் டி-ஸ்கோர்

ஆரோக்கியமான இளவயதுக்காரரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவுகோல்:
−1 அல்லது அதற்கு மேல்: இயல்பு
−1க்கும் −2.5க்கும் இடையில்: எலும்பு அடர்த்திக் குறைவு
−2.5 அல்லது அதற்குக் கீழே: ஆஸ்டியோபொரோசிஸ்

சர்க்கரை போடும் பொய்க்கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் 31.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் பெரிய இனங்களில் நமக்குத்தான் முதலிடம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் எலும்புக்குச் செய்யும் துரோகம் விநோதமானது. அடர்த்தி குறைவதில்லை, சில நேரம் சராசரியைவிடக் கூடவே இருக்கும். ஆனால் தரம் கெடுகிறது. எலும்பு என்றால் வெறும் சுண்ணாம்பு இல்லை. உள்ளே கொலாஜன் என்ற புரதநார் வலைபோலப் பின்னிக் கிடக்கிறது. பல வருடம் ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை அந்த நாரில் ஒட்டி, நெகிழ்வைப் போக்கி, மொறுமொறுப்பாக்கிவிடுகிறது. டெக்ஸா சுண்ணாம்பை மட்டும் எடை போடும், நாரைப் பார்க்காது. சீட்டில் ‘நார்மல்’ வரும், எலும்பு முறியும்.

அதோடு விழும் வாய்ப்பும் கூடுகிறது. பாதம் மரத்துப்போயிருக்கும், தரை தெரியாது. கண்ணில் புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கும். இன்சுலினோ சில மாத்திரைகளோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிட்டால் நடுராத்திரியில் கழிவறைக்குப் போகும் வழியில் தலைசுற்றும். பியோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை பெண்களுக்கு எலும்பு முறிவு அபாயத்தைக் கூட்டுவதும் தெரிந்த விஷயம்.

காசில்லாமல் அபாயத்தைக் கணிக்க ஆசியப் பெண்களுக்கென்றே ஓஸ்டா என்று ஒரு கணக்கு இருக்கிறது. 2001இல் வெளியானது, வயதும் எடையும் இருந்தால் போதும், விரல்விட்டுப் போட்டுவிடலாம். மலேசிய மருத்துவ வழிகாட்டிகளும் இதைச் சொல்கின்றன. நல்ல கருவிதான். ஆனால் நம் பெண்களுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்.

■ ஓஸ்டா: நீங்களே போடலாம்

(எடை கிலோவில் − வயது) × 0.2

−1க்கு மேல் குறைந்த அபாயம். −1 முதல் −4 வரை நடுத்தரம். −4க்குக் கீழே அதிக அபாயம்.

வயது 70, எடை 45 கிலோ: (45 − 70) × 0.2 = −5. அதிக அபாயம். உடனே ஸ்கேன்.

வயது 66, எடை 72 கிலோ, பதினைந்து வருடச் சர்க்கரை: (72 − 66) × 0.2 = +1.2. குறைந்த அபாயமாம்!

இரண்டாவது அம்மாவை எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டிலேயே இருப்பார். உடம்பு கொஞ்சம் பருமன் என்பதாலேயே கணக்கு அவரை விட்டுவிடுகிறது. இங்கிலாந்தின் ஷெப்பீல்டு பல்கலைக்கழகத்தில் 2008இல் உருவான ஃபிராக்ஸ் கணிப்பானிலும் இரண்டாம் வகைச் சர்க்கரைக்கென்று தனிக் கேள்வி இல்லாததால், அதுவும் அபாயத்தைக் குறைத்தே சொல்லும். இதைச் சரிக்கட்ட, அதிலுள்ள முடக்குவாதக் கேள்விக்கு ‘உண்டு’ என்று குறித்துக் கணக்குப் போடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2024ஆம் ஆண்டு வழிகாட்டியில், சர்க்கரையுள்ள முதியோருக்கு டி-ஸ்கோர் −2 வந்தாலே சிகிச்சை என்று எல்லையை முன்னால் இழுத்துவிட்டது. −2.5 வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதே அதன் பொருள். காலையில் எடுக்கும் ரத்தச் சர்க்கரையை மட்டும் பார்த்து அனுப்பும் கிளினிக்கில், “என் எலும்பையும் பாருங்க டாக்டர்” என்று கேட்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

அதிசய மூட்டுவலி மாத்திரை

தோட்டத்துக்காரர்களுக்கு மூட்டுவலி கூடப்பிறந்தது. ஒருவர் சொல்லி ஒருவருக்குப் பரவும் ஒரு வைத்தியமும் கூடவே பிறந்தது: சந்தையிலோ, நேரடி விற்பனை செய்யும் அக்காவிடமோ, இப்போது கைப்பேசியிலோ வாங்கும் ‘மூலிகை’ மாத்திரை. இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் ‘களை’ கட்டும். மலேசிய சுகாதார அமைச்சு வருடக்கணக்காக எச்சரித்து வருகிறது: பதிவு பெறாத இத்தகைய பாரம்பரிய மருந்துகள் பலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது.

உப்பிய முகம் களையல்ல, ஸ்டீராய்டின் முத்திரை. எலும்பைக் கட்டும் செல்களை ஸ்டீராய்டு முடக்குகிறது. எடுக்கத் தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே எலும்பு வேகமாகப் போகும். சர்க்கரையை ஏற்றும், தோலை மெலிதாக்கும், தசையைக் கரைக்கும். எலும்பும் பலவீனம், தாங்கும் தொடையும் பலவீனம்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். பல மாதம் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்து பழகிய உடம்பில் அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை உறையோடு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். கார்டிசால் ரத்தப் பரிசோதனை செய்து, படிப்படியாகக் குறைப்பார்கள். வாங்கும் மருந்தில் ‘MAL’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் காவல்.

ஆஸ்துமாவுக்கும் முடக்குவாதத்துக்கும் மருத்துவரே பிரெட்னிசோலோன் கொடுப்பது வேறு விஷயம், அது தேவைக்கு. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் தினமும் எடுப்பவர்கள் எலும்பைப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும்.

விழுந்த பிறகு வீட்டில் நடப்பது

1990களின் கடைசியில் மலேசியாவில் எடுத்த ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்டோரில் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 90 பேர் இடுப்பு முறிந்து மருத்துவமனை சேர்ந்தார்கள். சீனரிடம் விகிதம் மிக அதிகம் என்றும் அந்த ஆய்வு சொன்னது. இடுப்பு முறிவு ‘சீனர் நோய்’ என்ற அலட்சியம் நம்மிடையே வேர்விட அந்த ஆய்வும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆசிய எலும்பு நலச் சங்கங்களின் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட கணிப்பு, அந்த ஆண்டில் 5,880 ஆக இருக்கும் மலேசிய இடுப்பு முறிவுகள் 2050இல் 20,893 ஆகும் என்கிறது. மூன்றரை மடங்கு.

எண்ணிக்கைக்குப் பின்னால் வீடு இருக்கிறது. இடுப்பு முறிந்தால் இரண்டு நாளுக்குள் அறுவை செய்வது நல்லது என்பது மருத்துவ விதி. சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் இல்லாதவருக்கு மயக்க மருந்து கொடுக்கத் தயங்குவார்கள், நாள் தள்ளிப்போகும். படுத்த படுக்கையில் நிமோனியா, படுக்கைப் புண், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். வீடு திரும்பினால் அடுத்த கேள்வி: யார் பார்த்துக்கொள்வது? லிப்ட் இல்லாத அடுக்குமாடியின் நான்காவது மாடி. மகன் சிங்கப்பூரில். மகள் வேலையை விடுகிறாள். மகளா மருமகளா என்ற பேச்சில் குடும்பம் உடைவதை நான் பார்த்திருக்கிறேன். இந்தச் செலவு எந்த மருத்துவமனை ரசீதிலும் வராது.

இன்னொரு முறிவு சத்தமே இல்லாமல் நடக்கிறது. முதுகெலும்பு நசுங்குவதில் மூன்றில் இரண்டு பங்கு முறிவாகக் கண்டுகொள்ளப்படுவதே இல்லை. முதுகுவலி, வாயு, வயசாச்சு, கூன் போட்டுவிட்டது என்று போய்விடுகிறது. இளவயது உயரத்திலிருந்து நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய கல்யாணப் படத்தில் அம்மா அப்பாவின் தோளுக்கு எதுவரை இருந்தார் என்று பாருங்கள், அளவுகோலே வேண்டாம்.

முன்கூட்டியே என்றால் எப்போது?

முப்பது வயதில் டெக்ஸா எடுப்பது வீண். தனியார் ‘ஹெல்த் பேக்கேஜ்’களில் அதைச் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள்; வருடா வருடம் எடுக்கவும் தேவையில்லை. 65 தாண்டிய பெண்கள் எல்லோரும் ஒருமுறை எடுக்கலாம் என்பது உலகளவில் பரவலான அறிவுரை. மாதவிடாய் நின்ற பிறகு, அபாயக் காரணம் ஏதாவது இருந்தால் 65க்கு முன்பே: எடை குறைவு, 45க்கு முன்பே மாதவிடாய் நின்றது, கருப்பையோடு சினைப்பையையும் எடுத்தது, பெற்றோருக்கு இடுப்பு முறிவு, ஸ்டீராய்டு, நீண்டகாலச் சர்க்கரை. ஆண்களும் தப்பவில்லை. சம்சுவும் சிகரெட்டும் எலும்பை அரிக்கும். இடுப்பு முறிந்த ஆண்கள் இறப்பது பெண்களைவிட அதிகம்.

நோய் உறுதியானால் மருந்து இருக்கிறது. வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் மாத்திரை: காலை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், தே தாரிக்கோடு விழுங்கினால் உடம்பில் சேராது. வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி என்று வேறும் உண்டு. அந்த ஊசியைப் பாதியில் விட்டால் முதுகெலும்பு அடுத்தடுத்து நொறுங்கலாம். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அந்த ஊசியால் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்கும் முன் முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 300 கிடைக்கும். தே தாரிக்கில் ஊற்றும் கிரீமரைப் பாலாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். முள்ளோடு தின்னும் நெத்திலியும் சார்டினும், கேழ்வரகும், தவுவும், கொல்லையில் நிற்கும் முருங்கையும் நம் அடுப்படியில் ஏற்கெனவே இருக்கின்றன.

அரசு சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. பணம் தடையில்லை; கடிதம்தான் தடை. 50 வயதுக்கு மேல் சாதாரணமாக விழுந்து எலும்பு உடைத்துக்கொண்ட ஒவ்வொருவருக்கும், மாவுக்கட்டைப் பிரிக்கும் அன்றே எலும்புப் பரிசோதனைக்குக் கடிதம் தருவதைப் பேராக் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். அது நடக்கும் வரை, அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்காமல் உங்கள் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.